மடுவைத் தோண்டிய வாய்

குழந்தைக் கண்ணனுக்குப் பிறகு மண்ணைத் தின்று பெயர் வாங்கியவர், எனக்குத் தெரிந்து, குழாய் சார் ஒருவர்தான்.

நான் கல்லூரியில் வரலாறு நடத்தி ஓய்வுபெற்று மணலூர்பேட்டையில் உட்கார்ந்திருந்த நேரம். இரண்டு சட்டையும் ஒரு கட்டு பிளாஸ்டிக் குழாய்களுமாக எங்கள் மாடிக்குக் குடிவந்தார். நீர்நிலைகளில் குழாயை இறக்கி அடிச்சேற்றை அடுக்கு கலையாமல் எடுப்பார். அதை வைத்து, ஆறு முன்னே எப்படி ஓடியது என்று கண்டுபிடிப்பார். அவருடைய ஆராய்ச்சி அது.

பெண்ணையாற்றுக்குச் சற்றுத் தள்ளி, சீமைக்கருவேலங்காட்டுக்குள் ஒரு மடு. ஆறு அந்த வழியாக ஓடிப் பிறகு தடம் மாறியபோது விட்டுப்போன பள்ளம். அடியில் பழைய ஆற்றுமணல். அதன்மேல் கறுப்புக் களிமண். வெள்ளம் கரைதாண்டி வந்தபோதெல்லாம் களிமண்ணுக்கு நடுவே மணல் ஒரு கோடு போட்டிருக்கும்.

"ஆறு இங்கேர்ந்து எப்ப கெளம்புச்சுன்னு அந்த அடிமணலுக்குத்தான் சார் தெரியும்" என்பார், கோபித்துக்கொண்டு போன மனைவியைத் தேடுகிறவர்போல.

மண்ணை முன்பல்லில் வைத்துக் கடிப்பார். வழுக்கினால் களி, நறநறத்தால் வண்டல். ஒருநாள் எங்கள் வீட்டில் கீரை மசியலை மென்றவர், கண்ணை மூடிக்கொண்டு, "நல்ல வண்டல்" என்றார்.

"மூணு தண்ணி அலசுன கீரை" என்றாள் என் மனைவி. "நாளையிலேர்ந்து அவர மடுவுலயே சாப்ட்டுக்கச் சொல்லுங்க."

அவளேதான் அவருக்கு ஃப்ரிட்ஜில் கீழ்த்தட்டைக் காலி செய்து கொடுத்தாள். "மேல தோசமாவு, கீழ அவரு மண்ணு. நீங்க மாத்தி எடுத்துடாதீங்க" என்று எச்சரிக்கை எனக்கு.

திருக்கோவிலூர் பஸ்ஸில் ஒருமுறை, ஈரத்துணி சுற்றிய குழாயைப் பக்கத்து இருக்கையில் உட்காரவைத்திருந்தார்.

"இன்னா சார் உள்ள?" என்றார் கண்டக்டர்.

"சேறு."

"திருக்கோவிலூர்ல இல்லாத சேறா? அங்க போயி விக்கப்போறீங்களா?"

"விக்கல. படிக்கப்போறேன்."

கண்டக்டர் யோசித்தார். "அப்ப அதுக்கும் ஒரு டிக்கெட் எடுத்துடுங்க. குந்திக்கினு வரட்டும்."

எவ்வளவு முயன்றும் குழாய் அடிமணலைத் தொடவில்லை. கோடையில் மடுவின் நடுப்பகுதி காயும், நீளமான குழாயோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போனார். "பாதை இல்லாததால யாரும் கைவெக்காத மண்ணு சார். அதான் அதோட மதிப்பு."

இனி என் குற்றம். டீக்கடையில் கரும்பு விவசாயி கோவிந்தன் கேட்டார்: "அந்த மடுவுல இன்னா சார் கீது? குழாய் சாரு அங்கயே கெடக்குறாரு."

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பாடம் நடத்திய வாய் சும்மா இருக்குமா? "மலையில பேஞ்ச மழையெல்லாம் கொண்டாந்து சேத்த வண்டல், கோவிந்தா. அந்தச் சத்து எந்த உரக்கடையிலயும் கெடைக்காது" என்றேன். கடையே திரும்பிப் பார்த்தது. எனக்குப் பெருமையாக இருந்தது.

கோடையில் கருவேலங்காட்டை வெட்டிப் பாதை போட்டார்கள். தாலுகா அலுவலக அனுமதியோடு டிராக்டர்கள் வரிசைகட்டின. மடு முழுவதும் மேல்மண்ணை ஜேசிபியால் சுரண்டி வயலுக்கு அடித்தார்கள். பார்த்தேன்; குழாய் சாருக்கு ஒரு போன்கூடச் செய்யவில்லை. என்னவென்று சொல்வது?

அவராகவே ஒருநாள் நீளக் குழாயோடு வந்து இறங்கினார். ஓடிப்போய் ஜேசிபிக்கு முன்னால் குடையை விரித்து உட்கார்ந்துகொண்டார்.

"சார், ஏந்துருங்க. பர்மிசன் கீது" என்றார் டிரைவர்.

"ஆத்தோட சரித்திரத்த அள்ளிக்கினு போறீங்களே."

"கோவிந்தண்ணன் வூட்டுக் கரும்புக்குத்தான் சார் போவுது. வேற எங்கியும் போவல."

நான் பின்னால் நின்றேன். மண்டியிட்டு எதையோ பொறுக்குவதுபோல அவர் தரையைத் தடவினார். அப்போதுதான், மூலையில் ஜேசிபி ஆழமாகத் தோண்டியிருந்த குழி அவர் கண்ணில் பட்டது. குடையைப் போட்டுவிட்டு உள்ளே குதித்தார்.

குழிச்சுவரில் கறுப்புக் களிமண் சட்டென்று முடிந்து, அதன்கீழே வெளுப்பாக ஆற்றுமணல் தெரிந்தது. இரண்டுக்கும் நடுவில் மக்கிய இலைகள். சுவரில் கன்னத்தை வைத்துக்கொண்டார்.

"சார், ஆறு கெளம்புன எடம். இந்த எலைங்கள லேப்ல குடுத்தா காலத்தச் சொல்லிடுவாங்க. நான் குழாய் ஓட்டையில எட்டிப் பாத்துக்கினு இருந்தேன், இவங்க கதவையே தொறந்துட்டாங்க."

"அப்ப ஒண்ணும் நஷ்டமில்லையே?"

"அதுக்கப்புறம் வந்த வெள்ளக் கோடெல்லாம் மேல்மண்ணுல இருந்துச்சு. அது கரும்புக்குப் போயிடுச்சு." சிரித்தார், கண் சிரிக்கவில்லை. "வண்டல்னு இவங்களுக்கு எவன் சொன்னான்னு தெரியல சார். கெடச்சா கும்புடறதா ஒதைக்கிறதான்னும் தெரியல."

நான் குனிந்து, அவருடைய குடையை மடக்கிக்கொண்டிருந்தேன்.

இலைகளோடு போனவர் வேறு ஏதோ ஆற்றுக்கு மாறிவிட்டார். பொங்கலுக்குப் போன் செய்து என் மனைவியின் உடம்பை விசாரிப்பார். அவள் போனை என்னிடம் நீட்டும்போது, எனக்கு அவசரமாகக் குளியலறையில் வேலை வந்துவிடும்.

குழாய் சார், சொன்னவன் நான்தான். கும்பிட்டாலும் சரி, உதைத்தாலும் சரி, போனில் வேண்டாம், நேரில் வாருங்கள். உங்களைப் பார்த்து நாளாகிறது.