மொட்டை டயர் வீரன்

ஒரு காட்டில் ஒரு கரடி வாழ்ந்து வந்தது. அழகோ அறிவோ அதற்குச் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. இவ்வளவு துணிச்சலாக நான் பேசக் காரணம், அந்தக் கரடி நான்தான்.

என்னிடம் ஒரு குட்டி லாரி இருந்தது. மலையிலிருந்து பலாப்பழம் ஏற்றி அடிவாரச் சந்தைக்குக் கொண்டுபோவேன். பாதி வழி தார்ச்சாலை, மீதி சேறும் பாறையும். நாலு டயரும் பிடிப்புப் பட்டன்கள் தேய்ந்து மொட்டையாகிவிட்டன. மழைக்கு முன்னால் எல்லாப் பாதைக்கும் தோதான டயராக மாற்றிவிடச் சொன்னாள் என் மனைவி.

டயர் கடை நடத்தியது ஒரு முள்ளம்பன்றி அக்கா. டயர்களே அவளிடமிருந்து கொஞ்சம் தள்ளித்தான் அடுக்கப்பட்டிருக்கும். இரண்டு ரகம் காட்டினாள். ஒன்று சேற்றில் நன்றாகப் பிடிக்கும், தாரில் இரையும். மற்றது தாரில் அமைதியாக ஓடும், சேற்றில் சுமார். எதைப் போட்டாலும் இந்த மொட்டைக்குத் தேவலை என்றாள். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

அதிலிருந்து யோசிப்பதே என் வேலையாகிவிட்டது. போனில் டயர் வீடியோவாகப் பார்த்தேன். காட்டெருமை கனமான டயர்தான் நல்லது என்றது. மான், கனம் கூடினால் டீசல் குடிக்கும் என்றது. வண்டியே இல்லாத ஆமையிடமும் கேட்டேன். சந்தையில் அடுத்தவர்களுக்கு டயர் யோசனை சொல்லும் அளவுக்குத் தேறினேன். என் வண்டி மொட்டையாகவே ஓடியது.

மழை பிடித்துக்கொண்டது. ஒருநாள் சந்தையிலிருந்து திரும்பும்போது, இரண்டு பாறைகளுக்கு நடுவே வண்டி வழுக்கிக் குறுக்கே திரும்பி, அச்சுவரை சேற்றில் புதைந்தது. காட்டுக்குள் வர அது ஒன்றுதான் வழி. தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தபோது கீழே ஜீப் சத்தம். துப்பாக்கியோடு வேட்டைக்காரர்கள். புதருக்குள் பாய்ந்தேன். அந்தப் பயத்திலும் ஜீப்பில் என்ன டயர் என்றுதான் எட்டிப் பார்த்தேன்.

அருமையான டயர். ஆனால் முன்னால் என் லாரி கிடந்தது. தள்ளினார்கள், திட்டினார்கள், கடைசியில் திரும்பிப் போனார்கள்.

காடே திரண்டு வந்தது. தன் குட்டிகள் மேலே ஓடைக்கரையில்தான் மேய்ந்துகொண்டிருந்தன என்று மான் அழுதது. பிறகு கேட்டது:

"வண்டியைக் குறுக்க விட்டு மறிக்கணும்னு எப்படி அண்ணே தோணுச்சு?"

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் யாரோ கழுத்தில் மாலையைப் போட்டுவிட்டார்கள்.

"உயிரை விட வண்டியா பெருசு?" என்றேன்.

எல்லாரும் அதை அப்படியே பிடித்துக்கொண்டார்கள். இனி அந்த லாரிதான் காட்டின் கதவு, அதை யாரும் அசைக்கக் கூடாது என்று கூடிப் பேசி முடிவெடுத்தார்கள். நானும் கைதட்டினேன். எதற்குத் தட்டுகிறேன் என்று பாதியில்தான் புரிந்தது.

மறுநாள் விடிந்ததும் மனைவி இருப்பதிலேயே பெரிய பலாப்பழமாகப் பார்த்துத் தூக்கி, சந்தைக்கென்று என் தோளில் வைத்தாள்.

நீதி: டயர் வாங்கும் முன் நன்றாக யோசியுங்கள். போதிய காலம் யோசித்தால் வண்டியே தேவைப்படாது.