மேடை ஓரத்து முனகல்

பாடகர் வாயைத் திறந்த அதே நொடியில் ஃப்ரிட்ஜும் வாயைத் திறந்தது.

மேடையின் இடது ஓரத்தில், சுவரை ஒட்டி நின்றது அது. பழைய ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ். உடம்பெல்லாம் கிழிந்த ஸ்டிக்கர்கள். 'ம்ம்ம்' என்று ஒரே சீராக முனகியது. அரங்கில் வேறு யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. முதல் வரிசையின் கடைசி நாற்காலியில் இருந்த மெக்கானிக் மட்டும் பல்லைக் கடித்தார்.

"ஆரம்பிச்சுட்டான் பாரு."

"யாரு?" என்றாள் மனைவி.

"கம்ப்ரஸர்."

ஃப்ரிட்ஜ் பழுதுபார்ப்பதுதான் அவருடைய தொழில். ஆனாலும் இன்றைக்கு அவர் வந்திருப்பது வெறும் ரசிகராக. கல்யாணம் ஆன நாளிலிருந்து வீட்டில் இந்தப் பாடகரின் ராக் பாட்டுதான். டிரம்ஸ் அடிக்கிற அடியில் சமையலறையில் தட்டுகள் ஆடும். பாட்டில் ஒரு சொல்கூட மனைவியின் காதுக்கு எட்டியதில்லை. இப்போது பாடகர் குழுவைக் கலைத்துவிட்டு, மைக் கூட இல்லாமல், ஒற்றைக் கிடாரோடு சின்னச் சின்ன அரங்குகளில் பாடுகிறார். அப்படிக் கேட்டால் யாருக்குத்தான் பிடிக்காது?

மனைவி அதற்கும் ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். "வரேன். ஆனா இன்னிக்கும் பிடிக்கலைன்னா அந்த ரெண்டு ஸ்பீக்கரும் பெட்ரூமை விட்டு வெளியே போகணும். அங்க என் பீரோ வரும்."

இரண்டு ஸ்பீக்கரின் தலைவிதி இப்படி ஒரு ஓட்டை ஃப்ரிட்ஜின் கையிலா? விடக்கூடாது என்று முடிவு செய்தார்.

ஃப்ரிட்ஜின் பக்கத்தில் ஒரு மீசைக்காரர் பிளாஸ்டிக் நாற்காலியில் காவல் மாதிரி உட்கார்ந்திருந்தார். மெக்கானிக் குனிந்தபடியே அவரிடம் போனார்.

"அண்ணே, இதைக் கொஞ்சம் நிறுத்தி வைக்கலாமா?"

"ஐயோ, கூடாது."

"உள்ள என்ன, ஐஸ்கிரீமா?"

"உள்ள ஒண்ணும் இல்லண்ணே. பாட்டு முடியட்டும், சொல்றேன்." மீசைக்காரர் உதட்டில் விரலை வைத்தார்.

மெக்கானிக் கொதித்துப் போய்த் திரும்பினார். "காலி ஃப்ரிட்ஜை ஓட்டறான். கரண்டு என்ன இவன் மாமனார் குடுத்த சீரா?"

"உக்காருங்க. பாட்டு நல்லாத்தானே போகுது," என்றாள் மனைவி. அது அவர் காதில் ஏறவில்லை. மேடையில் பாடகர் பாடிக்கொண்டே அடிக்கடி ஃப்ரிட்ஜைத் திரும்பிப் பார்ப்பது மட்டும் கண்ணில் பட்டது. பாவம், எவ்வளவு தவிக்கிறார். வாய்விட்டுச் சொல்லவும் முடியவில்லை.

இரண்டாவது பாட்டு முடிந்ததும் மீசைக்காரர் டீ குடிக்க எழுந்து போனார்.

விளக்கு பாடகர் மேல் மட்டும்தான். மெக்கானிக் இருட்டோடு இருட்டாகத் தவழ்ந்தார். ஃப்ரிட்ஜின் ஒரு கால் தரையில் படவில்லை. கம்ப்ரஸர் உள்ளே ஸ்பிரிங் மேல் தொங்கிக்கொண்டுதான் சுற்றும். பெட்டி சாய்ந்து நின்றால் அந்த ஆட்டம் தகட்டுக்கு வந்துவிடும். சட்டைப்பையில் இருந்த சிகரெட் அட்டையை மடித்துக் காலுக்கடியில் சொருகினார். இப்போது நான்கு கால்களும் பலகைத் தரையில் அழுத்தமாக ஊன்றின. அதனால் ஆட்டம் முழுக்கத் தரைக்கு இறங்கியது. முனகல் உறுமலாயிற்று.

பாடகர் பாட்டை நிறுத்தி, கிடார் தந்திகளை முறுக்கினார்.

"அவருக்கே தாங்கல பாத்தியா," என்று நாற்காலிக்குத் திரும்பி வந்து மனைவியிடம் கிசுகிசுத்தார் மெக்கானிக்.

"நீங்க கை வைக்கிறதுக்கு முன்னாடி தாங்கிட்டுத்தான் இருந்தாரு."

அவர் அசரவில்லை. மறுபடி தவழ்ந்து போய், சுவரில் எதிரொலிக்கிறதோ என்று ஃப்ரிட்ஜைக் கொஞ்சம் முன்னால் இழுத்தார். அதுவரை சுவரில் சாய்ந்திருந்த பின்பக்கக் குழாய் விடுதலையாகி, 'கிடுகிடு'வென்று ஆடத் தொடங்கியது. பாடகர் ஒரு வரியை மறந்தார். இன்னொரு வரியை இரண்டு தடவை பாடினார். பின்வரிசையில் யாரோ கனைத்தார்கள்.

அப்போதுதான் மெக்கானிக் ஒன்றைக் கவனித்தார். ஃப்ரிட்ஜின் கதவு மூடவில்லை. இடுக்கில் ஒரு துண்டை மடித்துச் செருகியிருந்தார்கள். உள்ளே குளிர் போதுமான அளவுக்கு ஏறினால்தான் தெர்மோஸ்டாட் கம்ப்ரஸரை நிறுத்தும். கதவு திறந்திருந்தால் குளிர் எப்படி நிற்கும்? அது ஓடிக்கொண்டே இருக்கும். தெர்மோஸ்டாட் திருகை வேறு கடைசிவரை ஏற்றி வைத்திருந்தார்கள்.

"எந்த அறிவாளி பண்ணின வேலையோ," என்று துண்டை உருவினார். திருகை முழுக்க இறக்கினார். கதவைச் சாத்தினார்.

ஃப்ரிட்ஜ் ஒரு குலுக்குக் குலுக்கி அடங்கியது.

என்ன அமைதி! மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்டது. மெக்கானிக் சட்டையைத் தட்டிக்கொண்டு வெற்றிவீரர் மாதிரி நாற்காலிக்கு வந்தார். பாடகர் அடுத்த பாட்டுக்கு வந்திருந்தார். அவருடைய பாட்டுகளிலேயே மெக்கானிக்குக்கு உயிரான பாட்டு.

முதல் வரி மேலே போய் நின்றது. இரண்டாவது வரி கீழே விழுந்தது. மூன்றாவது வரி எங்கே போவதென்று தெரியாமல் நடுவழியில் நின்றது. பாடகர் கண்ணை மூடினார், திறந்தார், மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். கிடார் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். கடைசியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"இப்பத்தான் எனக்குப் பிடிக்க ஆரம்பிச்சுது," என்றாள் மனைவி. "அதுக்குள்ள என்னாச்சு இவருக்கு?"

மெக்கானிக் கண்முன் இரண்டு ஸ்பீக்கரும் ஊர்வலமாக வெளியே போயின.

மீசைக்காரர் டீ கிளாஸோடு ஓடி வந்தார். "யாரு இதை நிறுத்தினது?"

"நான்தான்," என்றார் மெக்கானிக், பாராட்டை எதிர்பார்த்து.

மீசைக்காரர் பாய்ந்து திருகை ஏற்றினார். 'டக்'. ஃப்ரிட்ஜ் கிளம்பவில்லை. மறுபடி 'டக்'.

"உடனே கிளம்பாதுண்ணே," என்று மெக்கானிக் பொறுமையாக விளக்கினார். "நின்னதும் உள்ள ஒரு பக்கம் அழுத்தம் ஜாஸ்தியா இருக்கும். அது சமமாகறவரைக்கும் மோட்டார் சுத்தாது. கொஞ்ச நேரம் ஆகும். ஆமா, அரங்கத்து ஃப்ரிட்ஜ் நின்னா உங்களுக்கென்ன?"

மீசைக்காரர் தலையில் கைவைத்துத் தரையில் உட்கார்ந்தார்.

"இது அரங்கத்தோடது இல்லண்ணே, அவர் வீட்டு ஃப்ரிட்ஜ். இதுக்குப் பக்கத்துல உக்காந்துதான் இந்தப் பாட்டெல்லாம் போட்டாரு. பேண்டுல எல்லாரையும் அனுப்பிட்டு, சுருதிக்குன்னு ஊர் ஊரா வேன்ல ஏத்திக் கூட்டிட்டு வர்றது இது ஒண்ணைத்தான்."