உள்ளே இருக்கும் நெர்மீன்

"முடிவு உன்னுடையது" என்று பெருந்தன்மையோடு சொல்லிவிட்டு, டீயை ஆற்றி ஆற்றிக் குடித்துக்கொண்டு, அந்த முடிவு தம்முடைய முடிவாக மாறும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்காத ஓர் இனம் உலகில் உண்டு. எங்கள் தன்தா நகரில் அந்த இனத்துக்குத் தலைவர் என் எதிர்வீட்டு உஸ்தாத் ரஃபத். மேல்நிலைப் பள்ளியில் தத்துவ ஆசிரியர். முப்பது வருடமாக ஒரே பாடம்: "உனக்கு நீயே எஜமான்." பிள்ளைகள் அதை அவர் சொன்ன வார்த்தை பிசகாமல் பரீட்சையில் எழுத வேண்டும். சொந்தமாக எழுதினால் மதிப்பெண் கிடையாது.

வீட்டிலும் சுதந்திரம் தடபுடல்.

"இன்னிக்கு முலுகியாக் கீரையா, வெண்டைக்காயா? நீயே முடிவு பண்ணு சனா" என்பார் மனைவியிடம்.

"வெண்டைக்காய்."

"அவசரப்படாத. நல்லா யோசி."

"சரி, கீரை."

"பாத்தியா? நான் ஏதாவது சொன்னேனா?"

இவரைக் கொடுங்கோலன் என்று யாராவது சொல்ல முடியுமா?

இந்தக் கோடையில் மகள் நெர்மீனின் பரீட்சை முடிவு வந்தது. எந்தக் கல்லூரி வேண்டும் என்று வரிசையாக எழுதி அனுப்பும் படிவத்துக்கு எங்கள் நாட்டில் 'விருப்பங்கள்' என்று பெயர். அதைப் பெற்றோர் நிரப்புவது வழக்கம். நெர்மீனோ, முதல் விருப்பம் கால்நடை மருத்துவம் என்றாள். ரஃபத் புன்னகைத்தார்.

"முடிவு உன்னோடதுதான், என் உசிரே. ஆனா இது உன் விருப்பமே இல்ல. உன் சிநேகிதி ஏத்திவிட்டது. உள்ள ஒரு நெர்மீன் இருக்கா பாரு, உண்மையான நெர்மீன். அவ ஃபார்மசிதான் கேக்குறா."

"எனக்குக் கேக்கலையே பாபா."

"எனக்குக் கேக்குதே!"

நான்கு நாளாக, உள்ளே இருந்த நெர்மீன் ஓயாமல் பேசினாள். வெளியே இருந்த நெர்மீன் சரியாகச் சாப்பிடவில்லை. நியாயம் கேட்கப் போனேன். எனக்கும் டீ கொடுத்து, எனக்குள்ளே இருப்பவரும் தம் கட்சிதான் என்று நிரூபித்து அனுப்பிவைத்தார்.

படிவம் அனுப்பக் கடைசி நாள் மாலை.

"அனுப்பிட்டேன் பாபா."

"ஃபார்மசிதானே?"

"கால்நடை."

ரஃபத் முதல்முறையாக நாற்காலியை விட்டு எழுந்தார். அவர் போட்ட கூச்சலில் மூன்று மாடிக்காரர்களும் படிக்கட்டில் கூடிவிட்டோம்.

"யாரைக் கேட்டுடி அனுப்பின?"

நெர்மீன் அசரவில்லை.

"உங்களைத்தான் பாபா. இப்பக் கத்துறது நீங்களே இல்ல. உங்க சிநேகிதர் யாரோ ஏத்திவிட்டது. உள்ள ஒரு ரஃபத் இருக்காரு பாருங்க, உண்மையானவரு. அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டேன். ரொம்ப சந்தோஷப்பட்டாரு."

மறுநாள் சனா யாரையும் கேட்காமல் வெண்டைக்காய் சமைத்தாள்.

சிரிக்கிறீர்களா? நல்லது. நீங்களும் அந்த இனம்தான் என்று நான் ஏன் சொல்லப் போகிறேன்? முடிவு உங்களுடையது. இல்லவே இல்லை என்கிறீர்களா? அவசரப்படாதீர்கள். நன்றாக யோசியுங்கள். டீ சூடாக இருக்கிறது. நான் இங்கேயேதான் உட்கார்ந்திருப்பேன்.