ஓடுபாதையில் நின்ற கப்பல்

பேரன்பும் பெருமதிப்பும் உள்ள மைத்துனர் அவர்களுக்கு,

நடுக்கடலில், ஆடுகிற மேசையில் வைத்து எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்தருள வேண்டும். நான் நலம். தங்கள் இரத்த அழுத்தம் அடங்கியிருக்கும் என்று நம்புகிறேன். இதைப் படித்தால் ஏறும். ஆகையால் மாத்திரையைப் போட்டுக்கொண்டு மேலே படிக்கவும்.

உங்கள் தங்கை என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். இதற்கு ஆதிமூலம் தாங்கள்தான். உலகத்திலுள்ள கப்பல்களையெல்லாம் புள்ளி புள்ளியாகக் காட்டும் அந்த ஆப்பை அவள் போனில் ஏற்றிக்கொடுத்த புண்ணியவான் யார்? அன்றிலிருந்து போனைச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, என் கப்பல் புள்ளியைப் பார்த்தபடியேதான் சாப்பிடுகிறாள். "நேத்து ஏன் அவ்வளவு மெதுவா போனீங்க?" என்று கேட்கிறாள். நான் என்னமோ கப்பலை ஓட்டுகிற மாதிரி! நான் சமையற்காரன், மச்சான். கப்பல் எந்தப் பக்கம் போகிறது என்பதே எனக்குக் குழம்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை வைத்துத்தான் தெரியும்.

இப்போது நாங்கள் போகும் கடலின் இரண்டு கரையிலும் இரண்டு அரசாங்கங்கள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கின்றன. எங்கேயோ ஒரு லாரியின் மேல் ஒரு பெட்டியை ஏற்றிவைத்து, செயற்கைக்கோளிலிருந்து வரும் சிக்னலைக் கலைத்து, இருக்கிற இடத்தைத் தப்பாகக் காட்டவைக்கிறார்களாம். எதிரியின் ஆளில்லா விமானம் வழி தெரியாமல் திண்டாட வேண்டும் என்பது நோக்கம். ஆள் இருக்கிற கப்பலும் சேர்ந்து திண்டாடுமே என்று யாருக்கும் தோன்றவில்லை. யார் செய்வது என்று கேட்டால் இரண்டு பேரும் கையை விரிக்கிறார்கள். போன வாரம் நான் காபி கொண்டுபோன நேரத்தில், இரண்டாம் அதிகாரி திரையைப் பார்த்துவிட்டு, "சார், நாம இப்ப ஏர்போர்ட் ஓடுபாதையில நிக்கிறோம்" என்றார். கேப்டன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். நாலு பக்கமும் தண்ணி. "ஓடுபாதை ரொம்ப ஈரமா இருக்கே" என்று சொல்லிவிட்டுக் காபியைக் குடித்தார். அவர் அப்படி. நான்தான் திரையை இன்னொரு தடவை எட்டிப் பார்த்தேன். ஏனென்றால் அந்த ஏர்போர்ட் இருப்பது அந்தக் கரையில் என் தம்பி பிழைக்கப் போய்க் குடியிருக்கும் ஊரில்.

உங்களுக்குத் தெரியாததா? என் மகள்களில் பெரியவள் கல்யாண ஆல்பத்தில் தம்பி குடும்பம் பாதி வெட்டுப்பட்டு வந்தது. வெட்டியது போட்டோக்காரர், பழி உங்கள் தங்கை மேல். ஓரகத்திகள் இருவரும் வாயை விட்டார்கள், அன்றோடு தூதரக உறவு துண்டிக்கப்பட்டது. உலகத்தில் நடக்கிற சண்டையிலாவது நடுநடுவே பேச்சுவார்த்தை உண்டு. இங்கே அதுவும் கிடையாது. "உங்க தம்பி வாசலை மிதிச்சா இந்த வாசலை மிதிக்காதீங்க" என்பது உங்கள் தங்கையின் இறுதி எச்சரிக்கை. இந்த லட்சணத்தில் என் புள்ளி போய் எங்கே உட்கார்ந்தது பாருங்கள்!

உடனே போன் வந்தது. "ஏங்க, ஏர்போர்ட்ல என்ன பண்றீங்க?" "நான் கடல்ல இருக்கேன்டி." "கடல்ல பிளேன் நிக்குதா? தம்பி வீட்டு விருந்து முடிஞ்சு கிளம்புறீங்களா?" நான் செயற்கைக்கோள், சிக்னல், ராணுவம், எல்லைத் தகராறு எல்லாவற்றையும் விளக்கினேன். "ஒரு பொய்யைச் சொல்லத் தெரியல, அதுக்கு ரெண்டு நாட்டு ராணுவத்தைத் துணைக்குக் கூப்பிடுறீங்க. சின்னவ கல்யாணத்துக்கு நீங்க வரவேண்டாம், அப்பா கப்பல்ல இருக்காருன்னு சொல்லிக்கிறோம்" என்று வைத்துவிட்டாள். திருப்பிக் கூப்பிடலாமென்றால், சிக்னலை வைத்து யாராவது நம் மேல் குறிவைத்துவிடப் போகிறார்கள் என்று கேப்டன் எல்லார் போனையும் அணைக்கச் சொல்லிவிட்டார். போதாக்குறைக்கு நேற்று டெக்கில் ஒருவன் "டிரோன்! டிரோன்!" என்று அலற, அத்தனை பேரும் குப்புற விழுந்தோம். பார்த்தால், நான் கம்பியில் கட்டி வைத்திருந்த கறுப்புக் குப்பைப் பை அவிழ்ந்து பறந்துகொண்டிருக்கிறது. இனிமேல் சமையலறையிலிருந்து எதையும் வானில் ஏவக்கூடாது என்று உத்தரவு.

மச்சான், விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பெரியவள் கல்யாணத்தில் ஓடியாடிப் பந்தி பார்த்ததிலேயே மணமேடையை நான் சரியாகப் பார்க்கவில்லை. சின்னவள் கல்யாணத்திலாவது பக்கத்தில் நிக்கணும்னு ஆசையா இருக்கு. நீங்க சொன்னா அவ கேப்பா. நான் அந்த ஊர் மண்ணை மிதிக்கவில்லை, தம்பியைக் கண்ணால் பார்க்கவில்லை, இது சத்தியம் என்று எடுத்துச் சொல்லுங்கள். சாமான் படகு வந்ததும் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கமும் சிறியவர்களுக்கு ஆசியும். தங்கள் தங்கைக்கு எது பொருத்தமோ அது.

இப்படிக்கு,
எங்கே இருக்கிறான் என்று யாரும் நம்பாத
உங்கள் மைத்துனன்

பின்குறிப்பு: படகு வரவில்லை. வழி தெரியாமல் மேலே போக வேண்டாம் என்று கம்பெனி சொல்லிவிட்டதால், கேப்டன் ரேடாரையும் தன் கண்ணையும் நம்பிப் பக்கத்துத் துறைமுகத்தில் கப்பலைக் கட்டிவிட்டார். எந்த ஊர் என்று நீங்கள் கேட்கவே வேண்டாம். துறைமுக வாசலில் தம்பி நிற்கிறான். அவன் போனிலும் அந்த ஆப் இருக்கிறதாம், சண்டை வந்த நாளிலிருந்து என் புள்ளியைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறானாம். "அன்னிக்கு ஏர்போர்ட்டுக்கும் போனேண்ணே" என்றான். "கப்பல் எப்படிடா ஏர்போர்ட்டுக்கு வரும்?" என்றேன். "வராதுன்னு தெரியும். மனசு கேக்கல" என்றான். நான் அழுதுவிட்டேன், மச்சான்.

இதை அவன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். போனைத் திறந்தால் உங்கள் தங்கையின் செய்தி: "புள்ளி இப்ப நடுக்கடல்ல தெரியுது. உங்களைச் சந்தேகப்பட்டது என் தப்புதான். கல்யாணத்துக்கு வந்துடுங்க." கடலில் இருந்தபோது நம்பாதவள், தம்பி வீட்டு நாற்காலியில் இருக்கும்போது நம்புகிறாள்! ஆகையால் மேலே கேட்டுக்கொண்டதை விட்டுவிடுங்கள், உண்மையை நானே நேரில் வந்து சொல்லி வாங்கிக்கட்டிக்கொள்கிறேன். கம்பெனி லீவு கொடுத்துவிட்டது. அடுத்த வாரம் அதே ஏர்போர்ட்டிலிருந்து கிளம்புகிறோம். ஆமாம், தம்பி குடும்பமும்தான். இந்தக் கடிதத்தைப் படம் எடுத்து உங்கள் போனுக்கு மட்டும் அனுப்புகிறேன். நீங்கள் ஒரே ஒரு உதவி செய்தால் போதும். போட்டோக்காரரிடம், இந்தத் தடவை நாலடி தள்ளி நின்று எடுக்கச் சொல்லுங்கள்.