மூன்று கடை நெத்திலி

"நான் ஆர்டர் போட்டது 'பவானி கருவாடு' கடையில. மூட்டையில ஒட்டிக்கீறது 'கடல்தோட்டம்' சீட்டு. இன்னாம்மா இது?"

போனில் கத்தியவர் அம்மாச்சி மெஸ் மேனேஜர். காலை அவசரத்தில் பவானி கம்ப்யூட்டரில் கடையை மாற்றாமலே சீட்டை அச்சடித்துவிட்டாள்.

ராயபுரத்தில் பத்துக்குப் பத்து அறையில் உட்கார்ந்துகொண்டு அவள் இணையத்தில் மூன்று கடை நடத்தினாள். பவானி கருவாடு, கடல்தோட்டம், நெய்தல் ராயல். வாசல்தான் மூன்று. உள்ளே சரக்கும் ஒன்று, சரக்குப் பட்டியலும் ஒன்று. கடைக்கொரு ஓட்டல் வாராவாரம் நெத்திலி வாங்கியது. மூன்றும் திருவொற்றியூரில் அடுத்தடுத்த தெருக்கள். 'அவங்க வாங்குற கடையில நாங்க வாங்க மாட்டோம்' என்பது மூன்றுக்கும் பொதுவான சபதம்.

உண்மை தெரிந்தால் மூன்றும் போய்விடும். பவானி மறுபடி கம்பெனிக்கு இறால் தலை கிள்ளப் போக வேண்டியதுதான். எட்டு வருஷம் கிள்ளிய விரல்கள் அதை நினைத்தாலே வலித்தன.

"அச்சாபீஸ்காரன் பண்ண தப்பு சார். அவங்க நெத்திலி வேற, நம்ம நெத்திலி வேற. நம்மளது நெட்டுக்குப்பம் முகத்துவாரத்து நெத்திலி. இணையத்துல நம்ம கடைப் பக்கத்துலயே போட்டுக்கீறோம், பாருங்க" என்று அளந்துவிட்டாள்.

அளந்ததை உடனே கம்ப்யூட்டரில் தட்டினாள். மூன்று கடையிலும் அதே வரி வந்து உட்கார்ந்துகொண்டது.

"இன்னாமே, மூணுத்துலயும் நெட்டுக்குப்பம் கீது?" என்றான் புருஷன் உதயா.

"தெரியுது. கம்முனு இரு."

மற்ற இரண்டு கடையிலாவது நெத்திலியை மறைப்போம் என்று 'தீர்ந்துவிட்டது' என்பதை அழுத்தினாள். சரக்கு ஒன்றுதானே? ஒரே நொடியில் மூன்று கடையிலும் நெத்திலி தீர்ந்துபோனது. அறை மூலையில் மட்டும் ஆறு மூட்டை அப்படியே இருந்தது.

பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா? மூன்று ஓட்டலும் வரிசையாகப் போன் அடித்தன. கேள்வி ஒன்றேதான்.

"மூணு கடைக்கும் ஒரே மொதலாளியா? நாளைக்குப் பதினோரு மணிக்கு மொதலாளி சரக்கோட நேர்ல வரணும். இல்லேன்னா ஆர்டர் கேன்சல்!"

"பெரிய பேஜாரா பூச்சே! மூணு மொதலாளிக்கு எங்க போறது?" என்றான் உதயா.

"நான் ஒண்ணு, நீ ஒண்ணு, உன் தங்கச்சி நீலா ஒண்ணு. வழியில என்னைப் பார்த்தா மூஞ்சியத் திருப்பிக்கினு போயிடு."

"அது வூட்டுலயே பழக்கம்தானே."

மறுநாள் மூன்று ஆட்டோ கிளம்பியது. பவானி பெரிய தெருவுக்கு, கடல்தோட்டம் ஓனராக உதயா பக்கத்துச் சந்துக்கு, நீலா பின்தெருவுக்கு.

அம்மாச்சி மெஸ் வாசலிலேயே மேனேஜர் மடக்கினார். "கடல்தோட்டம் ஓனர் உங்களுக்கு யாரு?"

"அந்தாளா? சுத்த சோம்பேறி சார்! அவன் மீனைக் கழுவுறது இருக்கட்டும், மூஞ்சியே கழுவ மாட்டான். சொன்ன வேலைய ஒரு நாளாவது செஞ்சிருப்பானா?"

பத்து வருஷக் குடித்தனத்து ஆத்திரம் அது. அதில் நடிப்பே இல்லை. மேனேஜர் முகம் மலர்ந்துவிட்டது.

"போதும்மா, நம்புறேன். வருஷம் பூரா உங்ககிட்டதான் நெத்திலி. மூட்டைய உள்ள கொண்டுபோய் வச்சிடுங்க."

போன் அதிர்ந்தது. உதயாவிடமிருந்து ஒரு கட்டைவிரல் படம். நீலாவிடமிருந்து இன்னொன்று. மூன்று ஆர்டரும் கைக்கு வந்தாயிற்று! இனி இறால் கம்பெனி இருக்கும் திசைக்கே ஒரு கும்பிடு. பவானிக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை.

மூட்டையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு சமையலறைக்குள் நுழைந்தாள். பக்கவாட்டுக் கதவு திறந்தது. மூட்டையோடு உதயா. பின்கதவு திறந்தது. மூட்டையோடு நீலா. மூன்று பேரும் அடித்துவைத்த முளை மாதிரி நின்றார்கள். குட்டு உடைந்தது என்றே பவானி நினைத்தாள்.

மூலையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த ரசூல் பீவி நிமிர்ந்து பார்த்து, ஒரு நீல டிரம்மைக் காலால் முன்னே தள்ளினாள்.

"இன்னா முழிச்சிகினு நிக்கிறீங்க? மூணு ஓட்டலுக்கும் ஒரே அடுப்பு, ஒரே சட்டிதான். எல்லாத்தையும் இதுலயே கொட்டுங்க!"