மாமனாரின் கார்ச் சாவி

பாலத்தில் ஏறும்போதே சூடு காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. இறங்கும்போது கோட்டையும் தாண்டிவிட்டது. நூலகர் வண்டியை ஓரங்கட்டினார். பானெட் இடுக்கிலிருந்து மெல்ல ஆவி கசிந்தது.

சொந்த வண்டியாக இருந்தால் அவர் இவ்வளவு பயந்திருக்க மாட்டார். இது மாமனாருடையது. நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர் அவர். பதினேழு வருடப் பழைய வண்டியைத் தினமும் குளிப்பாட்டித் துவட்டி நிழலில் நிறுத்துவார். கல்யாணமாகி ஆறு வருடத்தில் மருமகனை ஓட்டுகிற சீட்டில் ஒருநாளும் உட்காரவிட்டதில்லை. பேச்சும் அளந்துதான். 'ம்', 'சரி', 'சாப்பிட்டீங்களா', அவ்வளவே.

அப்படிப்பட்டவர் இன்று மதியம் சாவியைத் தானே எடுத்து நீட்டினார். இரண்டு வாரப் பயிற்சிக்கு வெளியூர் போயிருந்த மகள் நாலு மணி ரயிலில் திரும்புகிறாள். போய் அழைத்து வரச் சொன்னார். நூலகர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

எஞ்சின் பழுது பற்றிய புத்தகங்கள் எந்த அலமாரியில், எந்தத் தட்டில் இருக்கின்றன என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் அவர் சொல்லிவிடுவார். ஆனால் அதில் ஒன்றைக்கூடத் திறந்து பார்த்ததில்லை. சூடானால் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பது மட்டும் தெரியும். எதிர்க்கடையில் இரண்டு பாட்டில் வாங்கி வந்தார். பானெட்டைத் தூக்கி உள்ளே பார்த்தார். ஒரு மூடியில் தண்ணீர் தெளிப்பதுபோல் படம் போட்டிருந்தது. இவ்வளவு தெளிவாகப் படம் போட்டு வைத்திருக்கிறார்களே என்று மனதுக்குள் பாராட்டிவிட்டு, இரண்டு பாட்டிலையும் அதில் கவிழ்த்தார்.

அடுத்த சிக்னலுக்குள் முள் மறுபடியும் சிவப்பில் நின்றது.

இந்த முறை ஒரு மரத்தடியில் நிறுத்தினார். அங்கே டாக்சிக்குள் சாய்ந்து கண்ணயர்ந்திருந்த டிரைவர், ஆவியின் சீறலில் எழுந்து வந்தார். எங்கே தண்ணீர் ஊற்றினீர்கள் என்று கேட்டார். நூலகர் காட்டினார். டாக்சிக்காரர் நல்ல மனிதர். சிரிப்பை மீசைக்குள்ளேயே வைத்துக்கொண்டு, "இது கண்ணாடி துடைக்கற தண்ணிக்கு, சார்" என்றார்.

எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, துணியைச் சுற்றி ரேடியேட்டர் மூடியைத் திறந்து, தன் தண்ணீரையே ஊற்றினார். ஃபேன் சுற்றவில்லை என்பதையும் அவர்தான் கண்டுபிடித்தார். ஃப்யூஸ் போயிருந்தது. வேறொரு இடத்திலிருந்து ஒரு ஃப்யூஸைப் பிடுங்கி அங்கே செருகினார். ஃபேன் விர்ரென்று சுற்றியது. அது எதற்கான ஃப்யூஸ் என்று நூலகர் கேட்டதற்கு, அப்படி ஒன்றும் முக்கியமானது இல்லை என்றார். கிளம்பும்போது இரண்டு யோசனையும் சொன்னார். ஏசியைப் போடாதீர்கள். திரும்பவும் சூடேறினால் ஹீட்டரை முழுசாகத் திறந்துவிடுங்கள், எஞ்சின் சூட்டை அது உள்ளே இழுத்துக்கொள்ளும்.

முக்கியமில்லாத அந்த ஃப்யூஸ் ஜன்னல் கண்ணாடிகளுக்கு உரியது என்பது, ஏசியை அணைத்துவிட்டுக் கண்ணாடியை இறக்கப் பார்த்தபோதுதான் தெரிந்தது. நாலு கண்ணாடியும் ஏற்றியபடியே நின்றுவிட்டன.

ஸ்டேஷன் வாசலில் மனைவி அப்பாவின் வண்டியைப் பார்த்தாள். ஓட்டுகிறவரைப் பார்த்தாள். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் வண்டியைப் பார்த்தாள்.

"அப்பாவுக்கு உடம்பு ஏதும் சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கார். அவரே கொடுத்தார்" என்று நூலகர் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அந்த நிமிர்வு பத்து நிமிடம் நீடித்தது. முள் திரும்பவும் ஏறியது. ஹீட்டரைத் திறந்தார். வெயிலில் நின்ற வண்டி, மூடிய கண்ணாடி, முகத்தில் அடிக்கிற அனல். முள் ஒரு நூல் இறங்கியது. உள்ளே இருந்தவர்கள் இட்லிப் பானைக்குள் உட்கார்ந்ததுபோல் வெந்தார்கள். மனைவி பயிற்சியில் கொடுத்த சான்றிதழை எடுத்து விசிறிக்கொண்டாள். ஒவ்வொரு சிக்னலிலும் இருவரும் இரண்டு பக்கக் கதவையும் திறந்து மூச்சு வாங்கினார்கள். பக்கத்தில் நின்ற பஸ் முழுக்க அவர்களை வேடிக்கை பார்த்தது.

"இதுக்கு ரயில்லயே உட்கார்ந்திருக்கலாம்" என்றாள். சொல்லிவிட்டு அவர் நெற்றியில் வழிந்த வேர்வையைத் துப்பட்டாவால் துடைத்தும் விட்டாள்.

பட்டென்று ஒரு சத்தம். வெள்ளை ஆவி முன்கண்ணாடியை மறைத்தது. வண்டி நின்றேவிட்டது. அப்பா வழக்கமாகப் போகிற மெக்கானிக் கடை அடுத்த திருப்பத்தில்தான் என்றாள் மனைவி. அவள் ஸ்டீயரிங்கைப் பிடிக்க, நூலகர் இஸ்திரி போட்ட சட்டையோடு பின்னாலிருந்து தள்ளினார். கடை வந்தபோது சட்டை இஸ்திரியையும் நிறத்தையும் இழந்திருந்தது.

மெக்கானிக் வண்டியைப் பார்த்ததும் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு வந்தார். வெடித்திருந்த ரேடியேட்டர் ஹோஸ் குழாயைக் கழற்றித் தூக்கிக் காட்டினார். அதில் ஏற்கெனவே கறுப்பு டேப் அடுக்கடுக்காய்ச் சுற்றியிருந்தது.

"இந்தக் கட்டு யார் போட்டது?"

மாமனார் எப்போதோ போட்டிருக்க வேண்டும். வண்டியை உயிராக வைத்திருக்கும் மனிதரை வெளி ஆள் முன்னால் விட்டுக்கொடுக்க நூலகருக்கு மனம் வரவில்லை.

"நான்தான்" என்றார்.

மெக்கானிக் அவரை ஏற இறங்கப் பார்த்து, "ரொம்ப நல்லா கட்டியிருக்கீங்க" என்று மட்டும் சொன்னார். புது ஹோஸ் மாட்டி, கூலன்ட் ஊற்றி, போன ஃப்யூஸுக்குப் பதில் புதுசு வைத்து எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் போட்டு, அரை மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டுக் காட்டினார். முள் நடுவில் வந்து நல்ல பிள்ளையாக நின்றது.

வீடு வரும்வரை நூலகர் என்ன சொல்வதென்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். மறைத்துவிடலாம் என்றாள் மனைவி. அவர் கேட்கவில்லை. மாமனார் கேட்டிலேயே நின்றிருந்தார். மகளை விசாரிப்பதற்கு முன்பே அவர் கண் பானெட்டுக்குப் போனது.

நூலகர் இறங்கி நேராக நின்றார். "மாமா, வண்டி சூடாகி ஹோஸ் வெடிச்சிடுச்சு. எனக்கு ஓட்டத் தெரியல. தப்பு என்னோடதுதான். உங்க மெக்கானிக் கடையிலேயே சரி பண்ணிட்டேன்."

மாமனார் பானெட்டைத் திறந்து, புது ஹோஸை ஒரு விரலால் தடவிப் பார்த்தார். மூடினார். பிறகு ஆறு வருடத்தில் முதல்முறையாக மருமகன் தோளில் கை வைத்தார்.

"பரவாயில்லை மாப்பிள்ளை. மனுஷன்னா தப்பு நடக்கும். இனிமே எப்ப வேணும்னாலும் எடுத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு, வண்டியை நிழலுக்கு நகர்த்தப் போனார்.

நூலகர் உள்ளே ஓடினார். இப்படி ஒரு பெரிய மனதா என்று மாமியாரிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். மாமியார் அவர் கையில் தண்ணீர்ச் சொம்பைக் கொடுத்துவிட்டு, வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"வண்டியைப் பழைய இரும்புக்குப் போடுங்கன்னு மெக்கானிக் சொன்னதுக்கு, இனி உன் கடை வாசலை மிதிக்க மாட்டேன்னு சண்டை போட்டுட்டு வந்து, ஒரு வாரமா அந்த ஓட்டை ஹோஸுக்கு டேப் சுத்திட்டே தவிச்சிட்டிருந்தார், இன்னிக்கு மத்தியானம்தான் உங்க ஞாபகம் வந்துது."