ஒண்ணே ஒண்ணு

அன்று காலையில் அது மூன்றாவது இடி. கீழே குடியிருக்கும் வீட்டுக்காரி தங்கம்மாள் ஒட்டடைக் கம்பை எடுத்துத் தன் கூரையில் குத்தினால், அது மாடியில் பாலாமணியின் உள்ளங்காலில் வந்து உறைக்கும். குத்திவிட்டு அந்தம்மாள் சும்மாவும் இருக்கமாட்டாள். படிக்கட்டோரம் வந்து நின்று, மேலே குதிப்பது பிள்ளைகளா கோயில் காளைகளா என்று தெருவுக்கே கேட்கும்படி விசாரிப்பாள்.

யாரும் குதிக்கவில்லை. கடைக்குட்டி பாயிலிருந்து எழுந்து கதவு வரைக்கும் நடந்திருந்தான். அவ்வளவுதான்.

அருப்புக்கோட்டையில் அந்த மாடி ஒரே அறை. அதற்குள்ளேயே அடுப்பு, அதற்குள்ளேயே பீரோ, அதற்குள்ளேயே ஐந்து உயிர்கள். பாலாமணி, அவள் புருஷன் கார்த்தீஸ்வரன், மூன்று பிள்ளைகள். மூத்தவள் தேவிபிரியா மூன்றாம் வகுப்பு முடித்திருந்தாள். அடுத்தவன் பிரவின்குமார் ஒன்றாம் வகுப்பு முடித்திருந்தான். கடைக்குட்டிக்கு ஐந்து வயது. அவனுக்கு மாமனார் பெயரான திம்மையாவையே வைத்துவிட்டார்கள். அதனால் பாலாமணிக்கு அவனைப் பெயர் சொல்லித் திட்டக்கூட வழியில்லை.

மே மாத விடுமுறை. வெளியே வெயில், கீழே தங்கம்மாள். மூன்றும் நாள் முழுக்க அறைக்குள்ளேயே கிடந்தன.

முதலில் பிள்ளைகளைக் குதிகால் தரையில் படாமல் நடக்கப் பழக்கினாள். இரண்டு நாள் பூனை மாதிரி நடந்தார்கள். மூன்றாம் நாள், சத்தமில்லாமல் வந்த பிரவினும் சத்தமில்லாமல் வந்த திம்மையாவும் பீரோ மூலையில் நெற்றியோடு நெற்றி முட்டிக்கொண்டு, இரண்டு பேருமாகப் போட்ட கூச்சலில் கீழே கம்பு உடைந்தது. அடுத்து, தரை முழுக்கப் பழைய சாக்குகளை விரித்தாள். சாக்கு வழுக்கியது. பிரவின் சறுக்கிக்கொண்டே போய்க் குடத்தில் மோதினான். நாலு நாளைக்கு ஒருமுறை வருகிற நல்ல தண்ணீர், படி வழியாக இறங்கிப்போய், தங்கம்மாள் முற்றத்தில் காயவைத்திருந்த கூழ்வத்தல் முழுவதையும் மறுபடி கூழாக்கியது.

மாதக் கடைசிக்குள் காலி பண்ணவேண்டும் என்று தங்கம்மாள் சொல்லிவிட்டாள்.

"வத்தலுக்கு இம்புட்டு இடம் இருக்கு. எம்பிள்ளைகளுக்கு இடம் இல்ல" என்றாள் பாலாமணி. அன்று இரவு அவள் சாப்பிடவில்லை. கோபம் வந்தால் அவளுக்குப் பசிக்காது. அந்த மாதம் அவள் ரொம்பவே இளைத்துப் போனாள்.

எங்கே போவது என்பதில் புருஷன் பெண்டாட்டிக்குள் ஒத்துப்போகவில்லை. கார்த்தீஸ்வரன் ஒரு மொத்த வியாபாரிக்கு வேன் ஓட்டுகிறவன். பிஸ்கட்டும் முறுக்குப் பாக்கெட்டும் லோடு ஏற்றித் திருச்சுழி, நரிக்குடி, வீரசோழன் என்று கடை கடையாகப் போட்டுவருவான். அந்த வழியில் எந்த ஊரானாலும் அவனுக்குச் சம்மதம். பாலாமணிக்குக் குமாரலிங்கபுரம் பக்கம் ஒரு கண். அங்கே ஜவுளிப் பூங்கா வருகிறது, வந்தால் தனக்கும் ஒரு வேலை கிடைக்கும் என்று நினைத்தாள். போய்ப் பார்த்தார்கள். பூங்கா வருவதற்கு முன்னாலேயே அதற்குண்டான வாடகை வந்து உட்கார்ந்திருந்தது. வீரசோழனில் ஒரு வீடு மனசுக்குப் பிடித்தது. வீட்டுக்காரரும் தங்கமான மனுஷர். ஆனால் வெளிநாட்டிலிருந்து திரும்பிவரும் அவருடைய மருமகனுக்கு அது பேசி முடித்தாகிவிட்டது.

மிஞ்சியது திருச்சுழி. அங்கே மூன்று வீடு பார்த்தார்கள். மூன்றிலும் சாவி கதவில் நுழைவதற்கு முன்னால் ஒரே கேள்வி வந்தது. பிள்ளைகள் எத்தனை?

முதல் வீட்டில் மூன்று என்றாள். அவ்வளவு பேருக்குத் தண்ணீர் பத்தாது என்றார்கள். அடுத்த வீட்டில் இரண்டு என்றாள். இப்போதுதான் சுவருக்குப் பெயின்ட் அடித்தோம் என்றார்கள். மூன்றாவது வீட்டில் ஒன்று என்று சொல்லிப் பார்த்தாள். காரியம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து, வேனுக்குள் ஒளித்து வைத்திருந்த இரண்டு பேரும் ஹாரனை விட்டு விட்டு அழுத்தினார்கள்.

வீடு திரும்பும்போது கார்த்தீஸ்வரன் மெதுவாக, அடுத்த இடத்தில் உள்ளதைச் சொல்லிவிடலாமே என்றான்.

"உண்மையச் சொல்லி ஒரு வீடு போச்சு. பாதி உண்மை சொல்லி ஒண்ணு போச்சு. பொய்யச் சரியாச் சொல்லாம ஒண்ணு போச்சு. இந்தத் தடவ நான் சரியாச் சொல்றேன். நீங்க வாயத் தெறக்காதீக" என்றாள்.

இரண்டு நாள் கழித்துத் தரகர் சுந்தரபாண்டி போன் பண்ணினார். திருச்சுழிக்கும் நரிக்குடிக்கும் நடுவில் உடையங்குளம் என்று ஒரு ஊர். அருஞ்சுனை என்கிற பெரியவர் தன் பெரிய வீட்டை வாடகைக்கு விடுகிறார். மகன்கள் திருப்பூர்ப் பக்கம் போய்விட்டார்கள். அவர் மட்டும் பக்கத்துச் சின்ன வீட்டில் இருக்கிறார். குடும்பத்துக்குத்தான் விடுவாராம். அதற்குமேல் தரகருக்கு ஒன்றும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வேனை எடுத்துக்கொண்டு போனார்கள். பஸ் நிறுத்தத்துப் புளியமர நிழலில் வேனை நிறுத்தி, பையன்கள் இரண்டு பேரையும் கார்த்தீஸ்வரனிடம் ஒப்படைத்தாள். இந்தத் தடவை சாவியைக் கழற்றிக்கொண்டாள். மூவரில் அமைதியான தேவிபிரியாவை மட்டும் தலைவாரிப் பவுடர் போட்டுக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

வீடு திறந்துதான் கிடந்தது. ஒவ்வொரு அறையாக எட்டிப் பார்த்தாள். முன்கூடம், மூன்று அறைகள், பின்னால் அரை ஏக்கருக்குக் குறையாத கொல்லை. அடுப்படிக்குள் மட்டும் அருப்புக்கோட்டை மாடி முழுசாக அடங்கிவிடும். கீழே மண். மண்ணுக்குக் கீழே தங்கம்மாள் கிடையாது.

அருஞ்சுனை சாவிக்கொத்தோடு நின்றிருந்தார். கேள்வி அவரிடமிருந்தும் வந்தது.

"பிள்ளைக எத்தனைம்மா?"

பாலாமணிக்கு உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறியது. குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை, அதற்குள் பிள்ளைக் கணக்கு. பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஒண்ணே ஒண்ணுங்கய்யா. இந்தா நிக்கிறால்ல, இவதான்."

"ஒண்ணுதானா?"

நம்பவில்லை என்று தெரிந்தது. அவள் ஒரு படி மேலே ஏறினாள்.

"சத்தியமா ஒண்ணுதாங்கய்யா. இனிமேலும் கெடையாது. ஆப்ரேசன் பண்ணியாச்சு."

பெரியவர் முகம் வாடிவிட்டது. குனிந்து தேவிபிரியாவிடம், எத்தனாவது படிக்கிறாய் என்று கேட்டார். அவள் நாலாம் வகுப்புக்குப் போகப்போவதாகச் சொன்னாள்.

"நாலாப்பா" என்றார். முகத்தில் லேசாக ஒரு வெளிச்சம் வந்தது.

பாலாமணிக்கு அந்த வெளிச்சம் பிடிபடவில்லை. நாலாம் வகுப்புப் பிள்ளை என்றால் எவ்வளவு குதிக்கும் என்று மனசுக்குள் அளந்து பார்க்கிறார் என்று நினைத்தாள்.

"இவளும் இங்க இருக்கமாட்டாங்கய்யா. விருதுநகர்ல எங்கம்மா வீட்டுல விட்டுப் படிக்கவைக்கப் போறோம். லீவுக்குக்கூட வரமாட்டா. நீங்க ஒரு சத்தம் கேக்கமாட்டீக."

தேவிபிரியா அண்ணாந்து அம்மாவைப் பார்த்தாள். இது அவளுக்குப் புதுச் செய்தி. பிடித்திருந்த கை அம்மாவின் விரல்களை இறுக்கியது.

பெரியவர் வேலிப்பக்கம் திரும்பிக்கொண்டார். வேலிக்கு அந்தப் பக்கம் ஊர்ப் பள்ளிக்கூடம், விடுமுறைக்குப் பூட்டிக் கிடந்தது. பாலாமணிக்கு அப்போதுதான் ஆளைப் புரிந்த மாதிரி இருந்தது. வருஷக்கணக்காகப் பள்ளிக்கூடத்துப் பக்கத்தில் குடியிருந்து, பிள்ளைச் சத்தம் என்றாலே வெறுத்துப்போன மனுஷர். பரிந்து பேசினால் பலன் இருக்கும்.

"பாவம், அய்யாவுக்குப் பகல்ல கண்ணசர முடியாதே" என்றாள்.

"இப்பெல்லாம் சத்தமே இல்லம்மா."

"நல்லதாப் போச்சுங்கய்யா" என்றாள் நிம்மதியாக.

அவர் அவளை ஒரு மாதிரி பார்த்தார்.

அப்போது ஒரு வெள்ளாட்டுக் குட்டி கொல்லைக்குள் பாய்ந்தது. அதைத் துரத்திக்கொண்டு பிரவினும் பிரவினைத் துரத்திக்கொண்டு திம்மையாவும் வந்தார்கள். சாவியைக் கழற்றியவள் பையன்களைக் கட்டிப்போட மறந்திருந்தாள். பிறந்ததிலிருந்து குதிகால் ஊன்றி ஓடியறியாத பையன்கள் அந்த அரை ஏக்கரைக் கண்டதும் ஆட்டுக்குட்டியை மறந்தே போனார்கள். சும்மா ஓடினார்கள். வேம்பைச் சுற்றி, கிணற்றடியைச் சுற்றி, வாய் நிறையக் கத்திக்கொண்டு ஓடினார்கள்.

"யாரு பிள்ளைக இது? நம்ம ஊருல பாத்ததில்லையே" என்றார் அருஞ்சுனை. நெற்றிக்கு மேல் கையை வைத்து, கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

தெரியலையே என்று பாலாமணி சொல்லி முடிப்பதற்குள் திம்மையா ஓடிவந்து அவள் காலைக் கட்டிக்கொண்டு அம்மா என்றான். தண்ணீர் வேண்டும் என்று வீட்டில் பேசுகிற கன்னடத்தில் கேட்டான்.

"எங்க நாத்தனா பிள்ளைகங்கய்யா. என்னையும் அம்மான்னுதான் கூப்பிடுவாக" என்றாள். அவளுக்கு வேர்த்து ஊற்றியது.

"பள்ளிக்கூடத்துல சேத்தாச்சா? உங்க கூடத்தான் இருப்பாகளா?"

"அய்யோ, இல்லவே இல்லங்க. நாளைக்கே அவுக ஊருக்குப் போயிருவாக. இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கமாட்டாக. வீட்டுல நானும் எங்க வீட்டுக்காரரும் மட்டுந்தான். ரெண்டே பேரு."

அருஞ்சுனை சாவிக்கொத்தை மடியில் செருகினார். வெகுநேரம் தொண்டையைச் செருமினார். யாரிடமும் கடுமையாகப் பேசிப் பழகாதவர் என்பது பார்த்தாலே தெரிந்தது.

"மன்னிச்சுக்கம்மா. தோதுப்படாது. நான் தேடுறது வேற மாதிரிக் குடும்பம்."

அவ்வளவுதான். தங்கம்மாளின் கம்பு, கூழான வத்தல், திருச்சுழியின் மூன்று கதவுகள் எல்லாம் ஒன்றாகத் திரண்டு பாலாமணியின் வாய்க்கு வந்தன.

"வேற மாதிரின்னா எந்த மாதிரிங்கய்யா? ஒத்தப் பிள்ளைய வச்சிருக்கேன், அதையும் அனுப்பிருறேங்கிறேன், அப்பவும் வீடு இல்லன்னா இன்னும் என்ன வேணும் உங்களுக்கு? நாலு பிள்ளை பெத்தவ எங்க போவா, கண்மாய்க்குள்ளயா? நீங்களும் பிள்ளையாப் பெறந்து, ஓடியாடித்தான வளந்தீக?"

"இல்லம்மா, நான் சொல்ல வந்தது..."

"ஒண்ணும் சொல்லவேணாம். எலிக்கும் கரையானுக்கும் வீட்ட விடுங்க. அதுககிட்டயும் குட்டி எத்தனைன்னு மறக்காமக் கேட்டுக்கங்க."

பெரியவர் கையை நீட்டிக்கொண்டு இரண்டடி பின்னால் வந்தார். அதற்குள் அவள் இரண்டு கையிலும் மூன்று பிள்ளைகளை இழுத்துக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டாள்.

வேனில் கார்த்தீஸ்வரன் இல்லை. பையன்களைத் தேடிக்கொண்டு கண்மாய்க்கரைப் பக்கம் போயிருந்தான். அவனுக்கும் சேர்த்து மனசுக்குள் நாலு வார்த்தை வைத்துவிட்டு, நிழற்குடைத் திண்டில் உட்கார்ந்தாள். அங்கே ஒரு வயசான பெண் கூடையோடு நரிக்குடி பஸ்ஸுக்குக் காத்திருந்தாள்.

திம்மையா அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தான்.

"அம்மா, நான் அத்தை பிள்ளையா?"

அவள் பதில் சொல்வதற்குள் தேவிபிரியா விசும்ப ஆரம்பித்துவிட்டாள். அழுகைக்கு நடுவே, தன்னை எந்தத் தேதியில் விருதுநகருக்கு அனுப்புவார்கள், துணிமணிகளை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். பிரவின் மட்டும் ஒன்றும் கேட்காமல் தூரத்தில் தெரிந்த அந்தக் கொல்லையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பாலாமணியின் கோபத்துக்கு இப்போது போக இடம் இல்லை. ஊரெல்லாம் சுற்றிவிட்டு அது அவள்மேலேயே வந்து உட்கார்ந்தது. மூன்று பேரையும் வாரி மடியில் போட்டுக்கொண்டாள்.

"யாரும் எங்கயும் போகல. மூணும் எம்பிள்ளைக. எனக்குப் பெறந்ததுக. எவன் கேட்டாலும் இனிமே மூணுன்னுதான் சொல்லுவேன். வீடு கெடைக்காட்டி வேனுக்குள்ள குடியிருப்போம்."

கூடைக்காரப் பெண் நகர்ந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பெயர் பிச்சையம்மாள் என்றும், இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள் என்றும் தானாகவே சொன்னாள். மூன்று பிள்ளைகளையும் ஒவ்வொருவராகத் தலையைத் தொட்டு, வயசு கேட்டாள். யார் வீட்டுக்கு வந்தீர்கள் என்றாள். அருஞ்சுனை வீட்டைப் பார்க்க வந்ததையும், அவர் இல்லை என்று சொன்னதையும் பாலாமணி மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னாள்.

"இந்த மூணையும் கண்ணால பாத்துட்டா இல்லன்னாக?"

"ஒண்ணுன்னு சொன்னேன். அதுவும் இங்க இருக்காதுன்னு சொன்னேன்."

தூரத்தில் நரிக்குடி பஸ்ஸின் ஹாரன் கேட்டது. பிச்சையம்மாள் எழுந்திருக்கவில்லை. கூடையைத் தரையில் இறக்கிவைத்துவிட்டுத் தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

"அடி பாதகத்தி, ஜூன் மாசத்துக்குள்ள இன்னும் மூணே மூணு பிள்ளை சேரலன்னா எங்க பள்ளிக்கூடத்தப் பூட்டிருவாகன்னு, பிள்ளைகுட்டியோட யாரு வந்தாலும் அந்த வீட்டச் சும்மாவே குடுத்துருவேன்னு நாலு மாசமா ஊரு ஊராத் தேடிக்கிட்டுத் திரியுறாக தாயி அவுக."